பைப் அண்ணனின் கில்ட்டும் எங்கள் வீட்டுச் சிவப்புக் கைலியும்

இந்தப் பினாங்குத் தீவில் பைப் அண்ணனைப் போல ஓர் அநியாயக்காரரை நான் பார்த்ததே இல்லை. அவரைப் பற்றி எழுத உட்காரும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டத்தோ கிராமாட்டில் எங்கள் ஃப்ளாட்டுக்கு நேர் கீழ்வீடு அவருடையது. லாரி ஓட்டி ஓய்ந்தவர். மாதா கோயில் பேண்டில் பேக்பைப் வாசிப்பார். சாயங்காலமானால் அந்தப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊத ஆரம்பித்துவிடுவார். மேலே நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பேன். என் தையல் மெஷின் சத்தம் எனக்கே கேட்காது.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா ஊதக் கூடாதா?" என்று ஜன்னல் வழியே கத்துவேன்.

"இதுல மெதுவான்னு ஒன்னும் இல்லலா! காதப் பொத்திக்கிட்டுத் தைம்மா!"

காதைப் பொத்திக்கொண்டு எந்தக் கையால் தைப்பதாம்?

பேண்டுக்குச் சீருடை சிவப்புக் கில்ட். ஸ்காட்லாந்துக்காரர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற கட்டம் போட்ட கம்பளி உடுப்பு. பின்னால் மடிப்பு மடிப்பாக இருக்கும். முன்னால் இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, பக்கத்தில் வாரும் பக்கிளும் போட்டு முடியும். வாய்தவறி ஒருநாள் அதைப் பாவாடை என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், திருவிழா நெருங்குகிற சமயம். விறுவிறுவென்று மாடியேறி வந்தவர், கில்ட்டை என் மெஷின்மேல் எறிந்தார்.

"டோபிக் கடைக்காரன் சுருக்கிட்டாம்மா!"

"இத எப்ப டோபிக்குப் போட்டீங்க?"

"போடல."

"பின்னே?"

"எதுத்தாப்புல மெஷின் வச்சு நாள் பூரா சூட்டக் கெளப்புறான்ல? அந்தக் காத்து பட்டே சுருங்கிருச்சு!"

காலையில் ரொட்டி சானாய், மத்தியானம் நாசி கண்டார் சோறு, வெயிலுக்கு இரண்டு கிண்ணம் தேங்காய்ப்பால் செண்டோல். சுருங்கியது கில்ட்டாம்! நான் அவர் தொப்பையைப் பார்த்தேன்.

"அங்க என்ன பார்வை? இப்பப் பாரு!" என்று வயிற்றை உள்ளே இழுத்து, கால்சட்டைக்கு மேலேயே கில்ட்டைச் சுற்றி, பக்கிளை மாட்டிவிட்டார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. பேச மூச்சில்லை. பார்த்தாயா என்று கையால் சைகை காட்டினார்.

"சரி, இப்ப ஊதுங்க," என்றேன்.

ஊத மூச்சை இழுத்தார். பக்கிள் பிய்த்துக்கொண்டு வாசல் வழியே பறந்து, எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியின் மீன் தொட்டியில் விழுந்தது. "அலாமாக்!" என்று ஆன்ட்டி ஓடிவந்தார். மீனுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும், வாசலில் எதற்குத் தொட்டி வைத்தாய் என்று இவர்தான் ஆன்ட்டியிடம் சண்டைக்குப் போனார்.

விஷயம் இதுதான். கில்ட் பூட்டாவிட்டால் தேர் ஊர்வலத்தில் பேண்டுக்கு முன்னால் நடக்க முடியாது, கால்சட்டை போட்டுக்கொண்டு கடைசியில் மெழுகுவத்தி பிடித்து வரலாம் என்று பேண்டுத் தலைவர் சொல்லிவிட்டார். புதுசு தைத்து வெளிநாட்டிலிருந்து வருவதற்குள் திருவிழாவே முடிந்துவிடும்.

"ஒரு வருஷம் பின்னால நடந்தா என்னண்ணே? கொறஞ்சா போயிடுவீங்க?"

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"ஸ்டெல்லாவுக்கு இப்பல்லாம் முகம் தெரியலம்மா," என்றார்.

ஸ்டெல்லாக்கா அவர் மனைவி. சர்க்கரை வியாதியில் கண் மங்கிப்போனவர். வருஷாவருஷம் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேர் பார்ப்பார். "மொதல்ல ஒரு செகப்பு வரும். அது நாந்தான்னு அவளுக்குத் தெரியும். பின்னால போனா கூட்டத்துல நான் எங்கன்னு தேடுவா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதை முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே? அதை விட்டுவிட்டு டோபிக்காரன், சூட்டுக் காற்று என்று என் பிராணனை வாங்குவானேன்?

"பின்னால இவ்ளோ துணி சும்மா மடிஞ்சு கெடக்கே, ரெண்டு மடிப்ப அவுத்து முன்னால விடேன்," என்று எனக்கே யோசனை வேறு சொன்னார்.

"அவுத்தா கட்டமெல்லாம் கோணிக்கும். உள்மடல்ல ஒட்டுப் போட்டு வார நகர்த்துறேன், வெளிய தெரியாது. செகப்புக் கட்டத்துல ஏதாவது துணி கொண்டாங்க, போதும்."

சனியன் என் நாக்கில்தான் உட்கார்ந்திருந்தது.

மறுநாளே துணி வந்தது. நல்ல கனமான சிவப்புக் கட்டம். "எங்கண்ணே வாங்கினீங்க?" என்றதற்கு, "கெடச்சுதும்மா," என்றார். கண் வலிக்க வலிக்கத் தைத்துக் கொடுத்தேன்.

திருவிழாவுக்கு முதல்நாள் என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து, "என் புதுக் கைலி எங்கே?" என்றார். அவரே வாங்கி அவரே அலசிக் காயப்போட்டதாம், நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கீழே பொதுக் கொடியில் போய்ப் பார்த்தேன். கிளிப் போட்ட மேல்பாதி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதியைக் காணோம்.

"கொடியில காயுற கைலிய வெட்டுவீங்களாண்ணே? மனசாட்சி இருக்கா?"

"நீதானே செகப்புக் கட்டம் கேட்ட? பாசார் பூரா அலைஞ்சேன், ஒருத்தன்கிட்டயும் இல்ல. வீட்டுலயே வச்சுக்கிட்டு என்னை ஏம்மா அலையவிட்ட?" என்று அவர் என்னைத் திட்டினார்! என்னை!

பிரித்தெடுக்க நேரமில்லை. மறுநாள் சாயங்காலம், என் தையல் தாங்குகிறதா என்று பார்க்கத்தான் போனேன், வேறொன்றுமில்லை. ஸ்டெல்லாக்கா பக்கத்தில் நானும் வீட்டுக்காரரும் நின்றோம். தேருக்கு முன்னால் பேண்டு, பேண்டுக்கு முன்னால் பைப் அண்ணன்.

"செகப்பு தெரியுது, தங்கச்சி. அவருதானே?" என்றார் ஸ்டெல்லாக்கா.

நான் பதில் சொல்வதற்குள் கடல்காற்று ஒன்று வீசி வெளிமடலைத் தூக்கியது. உள்ளே பளபளவென்று எங்கள் வீட்டுக் கைலி.

"ஏய்! அது என் கைலிலா!" என்று என் வீட்டுக்காரர் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

அண்ணன் ஊதுவதை நிறுத்தவில்லை. தலையை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினார்.

"மொறைக்கிறாரா?" என்றார் ஸ்டெல்லாக்கா.

"தின்னுடற மாதிரி மொறைக்கிறாருக்கா."

"அப்ப அவரேதான்!" ஸ்டெல்லாக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தேர் தாண்டிப்போன பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

இன்றுவரை அந்த மனுஷன் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. கைலியும் வாங்கித் தரவில்லை. என் கோபமும் குறையவில்லை, அவர் தொப்பையும் குறையவில்லை. இந்த வருஷத் திருவிழா வருகிறது. போன வருஷம் தாங்கிய ஒட்டு இனிப் போதாது, அவர் படியேறும்போதே பார்த்துவிட்டேன்.

நேற்று பாசாரில் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட கைலி வாங்கினேன். அலசிக் கீழே பொதுக் கொடியில் போட்டிருக்கிறேன், அவர் கைக்கு எட்டுகிற மாதிரி.