கொயினரின்ர உரிக்காத கொயின்

திருகோணமலைத் துறைமுகத்தில எத்தினையோ நாட்டுக் கப்பல் வந்து நிண்டிருக்கு. எத்தினையோ விதமான விசரர் அதுகளில இருந்து இறங்கியிருக்கினம். ஆனால் எங்கட ஒழுங்கைக் கொயினர் மாதிரி ஒரு கலப்படமில்லாத விசரனை அந்தக் கடலும் தரேல்ல, இந்தத் தரையும் தரேல்ல. இதைக் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவன்.

எங்கட வீட்டு முன்னறையில வாடகைக்கு இருக்கிறவர். நான் மாமா எண்டு கூப்பிடுவன். அம்மாவை விட நாலு வயசு குறைவு, அதால அம்மாவுக்கு அவர் தம்பி, அவருக்கு அம்மா அக்கா. ஊருக்குக் கொயினர். அடையாள அட்டையில என்ன பேர் கிடக்கெண்டு அவருக்கே மறந்திருக்கும். தொழில், உட்துறைமுகத்தில வந்து நிக்கிற வெள்ளைக்காரரின்ர பாய்க்கப்பல்களுக்குத் தண்ணிக் கானும் டீசல் கானும் கொண்டுபோய்க் குடுக்கிறது. அதுவும் சொந்தப் போட்டில இல்லை, வாடகைப் போட்டில. உழைக்கிறதில பாதி போட்டுக்காரனுக்கு.

ஒருக்கா ஒரு வெள்ளைக்காரன் ரெண்டு மாசம் இஞ்ச நிண்டு, மாமாவிட்டைத் தண்ணி, மீன், மரக்கறி எல்லாம் வாங்கித் திண்டுபோட்டு, வெளிக்கிடேக்க கூலியோட சேர்த்து ஒரு பித்தளைக் கொயினையும் கையில வைச்சானாம். முன்பக்கம் படம், பின்பக்கம் மினுங்குற ஸ்ரிக்கர். "உரிக்காதே, வைச்சிரு" எண்டானாம். புத்தியுள்ளவன் எண்டால் அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விளையாடக் குடுத்திருப்பான். இவர் கடைக்கு ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கினார். அண்டையில இருந்து அந்த டப்பாதான் அவருக்குப் பெண்சாதி, பிள்ளை எல்லாம்.

"மருமோனே, இது கிரிப்டோக் காசு" எண்டு எனக்குப் பாடம் எடுத்தார். "போனுக்குள்ள மட்டும் இருக்கிற காசு. ஆனால் இந்தக் கொயினுக்குள்ள ஒரு துண்டுத் தாளில ரகசிய நம்பர் கிடக்கு. ஸ்ரிக்கரை உரிச்சு நம்பரை எடுத்தால் அந்தக் காசு எங்கட. ஆனால் உரிக்கிறவன் மடையன்."

"ஏன் மாமா?"

"உரிக்காத கொயினைச் சேர்க்கிற ஆக்கள் உலகத்தில இருக்கினம். உள்ளுக்கு இருக்கிற காசை விடக் கூடக் குடுப்பினம். கீறல் விழக்கூடாது, துடைக்கக்கூடாது. கறுத்தாலும் கறுத்தபடி கிடக்கோணும்."

"அப்ப எப்பதான் செலவழிக்கிறது?"

"செலவழிச்சால் பெறுமதி போயிடும்!"

நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டு ரயர் ஒட்டப் போனவன். எனக்கே இது விசர்க்கதை எண்டு விளங்கிச்சுது. அவருக்கு ஆறு வருசமா விளங்கேல்ல.

வெயில் கூடின நாளில கொயின் வேர்க்குமாம், ஸ்ரிக்கர் இளகுமாம். கொண்டுவந்து எங்கட பிரிஜ்ஜுக்குள்ள தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில வைப்பார். அம்மா குசினிக்குள்ள நிண்டு கத்துவா.

"தம்பி, மீன் வைக்க இடமில்லை. உங்கட காசை எடுங்கோ!"

"அக்கா, ஒருக்காத் திறந்து பாருங்கோவன், என்ன வடிவெண்டு."

"ஐயோ எனக்குக் காட்டாதேங்கோ. நாளைக்குக் காணாமல் போனால் என்னைத்தான் சொல்லுவீங்கள்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். ஆறு வருசத்தில ஒரு நாள்கூட அந்த டப்பாவைத் திறந்து பார்க்கேல்ல.

ஒரு நாள் நகைக்கடைக்குக் கொண்டுபோனார், எவ்வளவு நிறை எண்டு பார்க்க. ஆனால் டப்பாவை விட்டு வெளியில எடுக்க விடமாட்டன் எண்டு நிண்டார். "டப்பாவோட நிறுங்கோ" எண்டார். நகைக்கடைக்காரர், "அப்ப டப்பாவுக்கும் சேர்த்து விலை போடட்டோ?" எண்டு கேட்டு, கடையில நிண்ட கலியாண வீட்டுப் பொம்பிளையள் எல்லாம் சிரிச்சுதுகள். மாமா அதுக்கும் கோவிக்கேல்ல. "பித்தளைக்கும் பெறுமதிக்கும் வித்தியாசம் தெரியாதவனிட்டை ஏன் நகை வாங்குறீங்கள்?" எண்டு அந்தப் பொம்பிளையளிட்டைக் கேட்டுப்போட்டு வந்தார். பேந்து அந்தக் கடைப் பக்கம் நாங்கள் ஒருத்தரும் தலைகாட்ட ஏலாமல் போச்சு.

ஒழுங்கை முகப்பில தேத்தண்ணிக்கடை வைச்சிருக்கிற யோகண்ணை இருக்கிறார். நக்கலுக்கெண்டே பிறந்த மனுசன். போனில ஓடர் பண்ணி, தங்க நிறத்தில அதே படம் போட்ட கொயின் ஒரு பை நிறைய எடுப்பிச்சார். ரெண்டு ரோல்ஸ் வாங்கினால் ஒரு கிரிப்டோ சும்மா எண்டு மட்டையில எழுதித் தொங்கவிட்டார். கொயினர் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு போனார்.

"யோகன், அது விளையாட்டுச் சாமான். உள்ளுக்கு ஒண்டுமில்லை."

"உங்கடைக்குள்ள மட்டும் என்ன கிடக்கெண்டு ஆர் கண்டது?"

"ஒருத்தரும் காணேல்ல. அதாலதானே பெறுமதி!"

கடையில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்ட ஒருத்தருக்குப் புரைக்கேறி, முதுகில தட்டித்தான் மூச்சு வந்தது.

இதுக்கு மேலையும் இருக்கு. கொயின் வித்துப் போட் வாங்கப்போறன் எண்டு, போட் வாங்க முதல் நங்கூரம் வாங்கினார். பழைய இரும்புக்கடையில மலிவா வந்ததாம். கட்டிலுக்குக் கீழ வைச்சிருந்தார், ஒரு கொம்பு வெளியில நீட்டிக்கொண்டு. அறை கூட்டப் போற நேரமெல்லாம் அம்மாவின்ர கால்விரல் அதிலதான் போய் இடிக்கும். போட் இல்லாத மனுசனின்ர நங்கூரத்தில கால் இடிச்ச ஒரே ஆள் இந்த இலங்கையிலேயே என்ர அம்மாவாத்தான் இருப்பா.

நக்கலுக்குத்தான் நான் என்ர போனில கொயினைப் படம் எடுத்து, இப்பிடிக் கொயின் சேர்க்கிற ஆக்களின்ர குறூப் ஒண்டில போட்டனான். ஒரு வியாழக்கிழமை கொழும்பில இருந்து ஒருத்தர் கோல் எடுத்தார். கொயினின்ர வெளியில சின்னதா அடிச்சிருக்கிற எழுத்தை வைச்சுப் பார்த்தாராம்.

"தம்பி, இது உண்மையான கொயின். உள்ளே காசு அப்படியே இருக்கு. சனிக்கிழமை வாறேன். தயவுசெய்து யாரும் தொடாதீங்க."

அவர் சொன்ன விலையைக் கேட்டு நான் ரயருக்குள்ள கிடந்த கையை எடுக்க மறந்துபோனன். புதுப் போட்டும் எஞ்சினும் வாங்கி மிச்சமும் வரும்!

மாமா அழேல்ல, சிரிக்கேல்ல. நேர நிலாவெளிக்கு பஸ் ஏறிப்போய், விக்கக் கிடந்த ஒரு போட்டைப் பார்த்து, விலை பேசி, என்ன நிற பெயின்ற் அடிக்கோணும் எண்டும் சொல்லிப்போட்டு வந்தார். பின்னேரம் குளிச்சார், திருநீறு பூசினார். கொயினை எடுத்துக்கொண்டு எங்கட சாமியறைக்குள்ள போனார். இஞ்சதான் அவற்ற புத்தியைப் பாருங்கோ. ஆறு வருசம் காத்துப் படாமல் வைச்சிருந்த சாமானை டப்பாவில இருந்து வெளியில எடுத்துப் பிள்ளையாரின்ர காலடியில வைச்சார்.

"ஏன் மாமா வெளியில எடுத்தனீங்கள்?"

"பிளாஸ்டிக்குக்குள்ளால அருள் போகுமோடா?"

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலமை எங்கட வீட்டில என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, உங்கட வீட்டிலயும் அதுதான் நடக்கும். அம்மா சாமியறைப் பித்தளை எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு கிணத்தடிக்குப் போனா. குத்துவிளக்கு, மணி, கற்பூரத்தட்டு. பழப்புளியும் சாம்பலும் பொச்சுமட்டையும் எடுத்துக்கொண்டு குந்தினாவெண்டால் பித்தளை அழும்.

மாமாவும் நானும் பல்லு விளக்கிக்கொண்டு நிண்டனாங்கள். அம்மா ஈரக்கையை நீட்டினா. கையில ஒரு வட்டம், வெயிலில கண்ணைக் குத்துற மாதிரி மினுங்குது.

"தம்பி, இது உங்கடையோ? பிள்ளையாரின்ர காலடியில கரிப்பிடிச்சுக் கிடந்துது. பின்னால ஒரு ஸ்ரிக்கர் வேறை. புதுச் சட்டியில விலை ஒட்டியிருக்கிறதை எடுக்கிற மாதிரிப் புளித்தண்ணியில ஊறப்போட்டு எடுத்தனான். உள்ளுக்கு ஏதோ தாள் ஊத்தையும் ஊறிக் கரைஞ்சு கிடந்துது, கிள்ளி வாய்க்காலுக்க எறிஞ்சிட்டன். பாருங்கோ, இப்ப பொன் மாதிரி!"

என்ர வாயில இருந்த பற்பசை நுரை நெஞ்சில வடிஞ்சுது. மாமாவைப் பார்த்தன். அவர் அந்த வட்டத்தை வாங்கினார். அந்தப் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார். கிணத்தடி வாய்க்காலைப் பார்த்தார். புளித்தண்ணி வாழைக்குள்ள போய் இறங்கிச்சுது.

"ஓமக்கா" எண்டார். "நல்ல வடிவாயிருக்கு. அது... எஞ்சின் நட்டுக்குப் போடுற பித்தளை வாசர். பூசைக்கு வைச்சனான்."

அம்மாவுக்குச் சந்தோசம். "சாமானைக் குடுத்தால் நான் மினுக்கித் தரமாட்டனோ?" எண்டுபோட்டு மணியைத் தேய்க்கத் தொடங்கினா.

மாமா மூண்டு தரம் முகம் கழுவினார். பிறகு என்னைக் கையில பிடிச்சு வேலிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"டேய், வாயைத் திறந்தியோ, நங்கூரத்தில கட்டி உன்னைக் கடலுக்க இறக்கிப்போடுவன்."

"மாமா, போட்..."

"யோகன் வீட்டுக் கோப்பை ஒண்டு கை தவறி உடைஞ்சதுக்கு அக்கா ரெண்டு நாள் சோறு தின்னேல்ல. இது தெரிஞ்சால் அவ இருப்பாவோடா?"

அண்டைக்குக் காலமை அவர் புட்டும் சம்பலும் சாப்பிட்டார். அம்மா ரெண்டாந்தரமும் போட்டா. அதையும் சாப்பிட்டார். விசரன்.

சனிக்கிழமை கொழும்புக்காரரை வீட்டுக்கு விடாமல் யோகண்ணையின்ர கடைக்கே வரச்சொன்னார். அவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தவர். கொயினைப் பார்த்த உடன கையுறையைக் கழட்டினார்.

"என்ன இது?"

"உரிச்சுப்போட்டன் ஐயா. உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு பார்க்க ஆசை."

"உள்ளே இருந்த தாள்?"

"கை ஈரம். கரைஞ்சு போச்சு."

அந்த மனுசன் கதிரையில இருந்திட்டார். "சரி, உரிச்சதையும் வாங்குற ஆட்கள் இருக்காங்க. ஆனா இதை ஏன் இப்படி மினுக்கி வெச்சிருக்கீங்க?"

"நீங்கள் வாறீங்களெண்டு துப்பரவாக்கினனான்."

கொழும்புக்காரர் தேத்தண்ணியும் குடிக்காமல் போயிட்டார். அவற்ற வான் திரும்ப முதல் யோகண்ணை தொடங்கினார். "ஆறு வருசம் பொத்திப் பொத்தி வைச்சிருந்த மனுசன் கடைசி ராத்திரி உரிச்சுப் பார்த்தவராம்!" பின்னேரத்துக்கிடையில சீனன்குடா வரைக்கும் கதை போயிட்டுது.

அதுக்குப் பிறகு மூண்டு வருசம். மாமா கடையில ஒரு வாழைப்பழம் வாங்க ஏலாது. "கவனம் கொயினர், உரிச்சால் பெறுமதி போயிடும்!" எண்டு நாலு பக்கத்தாலும் சத்தம் வரும். பள்ளிக்கூடப் பெடியள் ரொபியை உரிச்சு அவருக்கு முன்னால நீட்டும். நான் என்ன செய்தனான் எண்டு கேக்கிறீங்களோ? நானும் சேர்ந்து சிரிச்சனான். சிரிக்காட்டி ஏன் எண்டு கேப்பினம் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டனான். ஆனால் பகிடி நல்லாயும் இருந்தது, பொய் சொல்லேலாது.

எல்லாத்தையும் விட அம்மாதான் கூடப் பேசினவ. "இவ்வளவு நாள் பொறுத்தவருக்கு ஒரு ராத்திரி பொறுக்க ஏலாமல் போட்டுதே! சொந்தப் போட்டில போயிருக்கலாமே தம்பி!" சோறு போடேக்கயும் சொல்லுவா, உடுப்புக் காயப்போடேக்கயும் சொல்லுவா. மாமா தலையைக் குனிஞ்சுகொண்டு, "ஓமக்கா, என்ர மொக்குப் புத்தி" எண்டுபோட்டு வாடகைப் போட்டில தண்ணிக் கான் ஏத்தப் போவார்.

போன மாசம் அம்மா செத்துப்போனா. மூண்டு நாள் காய்ச்சல் எண்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனனாங்கள், திரும்பிக் கொண்டுவந்தது பெட்டியில. எனக்கு அந்த நாள் வடிவா ஞாபகமில்லை. மாமாதான் வாடகைக் கதிரை இறக்கினவர், ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி கட்டினவர், ஐயருக்குச் சொன்னவர், எனக்குத் தேத்தண்ணி பருக்கினவர்.

செத்தவீட்டில ஆக்கள் சும்மா இருக்கமாட்டினமே. யோகண்ணை கதிரையில இருந்துகொண்டு மெதுவா, "கொயினர், அண்டைக்கு உரிக்காமல் இருந்திருந்தால் அக்காவைப் பெரிய ஆசுப்பத்திரியில காட்டியிருக்கலாம்" எண்டார். அவர் கெட்ட மனுசன் இல்லை, வாய்தான் அப்பிடி.

"யோகண்ணை, அதை உரிச்சது..." எண்டு எழும்பினன்.

மாமா என்ர கையைப் பிடிச்சு இருத்தினார். நகம் இறங்கிச்சுது. பெட்டியை ஒருக்காத் திரும்பிப் பார்த்துப்போட்டுக் காதுக்குள்ள சொன்னார்:

"அக்கா கேட்டுக்கொண்டு கிடக்கிறா. வாயை மூடு."

அந்த இடத்தில, அவ்வளவு சனத்துக்குள்ள, எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சனம் அழுகை எண்டு மட்டும் நினைச்சுது.

இப்ப எரிச்சும் ஆச்சு, சாம்பல் கடலில கரைச்சும் ஆச்சு. இனி அம்மாவுக்குக் கேக்காது எண்டுதான் எழுதுறன். யோகண்ணை, இந்தக் கதையைப் போடப்போற புத்தகம் கிழமைக்குக் கிழமை உங்கட கடைக்கு வாறது எனக்குத் தெரியும். சத்தமா வாசியுங்கோ. கொயினர் உரிக்கேல்ல.

மாமா, கோவிச்சுக்கொண்டு அறையை விட்டுப் போயிடாதேங்கோ. வீட்டில இப்ப நாங்கள் ரெண்டு பேர்தான்.