மோட்டார் இடத்தேர்வுக் குழுவின் வெற்றி

ஒரு குடும்பம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை அதன் வீட்டை வைத்தோ வாகனத்தை வைத்தோ அளக்கக் கூடாது. ஒரு சின்னப் பாய்மரப் படகில் மோட்டாரை எந்த இடத்தில் மாட்டுவது என்ற கேள்வியை அது எவ்வளவு பொறுப்போடு கையாள்கிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும். இந்த அளவுகோலின்படி எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை. அளவுகோலைக் கண்டுபிடித்தவனும் அளந்து பார்த்தவனும் நான் என்பதால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

முதலில் படகு. வாங்கியவன் எங்களோடு குடியிருக்கும் என் மனைவியின் தம்பி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஒல்லியான உடல்கள், நடுவில் இழுத்துக் கட்டிய வலை, வலைக்கு மேலே ஒரு பாய்மரம். மரங்களைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்டு அதற்குக் கட்டுமரம் என்று பேர் வைத்தவர்கள் நம் ஆட்கள். அந்தப் பேரை மற்றவர்கள் இரவல் வாங்கி, உலகமெல்லாம் சுற்றவிட்டு, இப்போது ஃபைபரில் வார்த்து நமக்கே திருப்பி விற்கிறார்கள். கடைக்காரர் "கட்டமரான்" என்று சொன்னதும் மைத்துனனுக்குப் புல்லரித்துவிட்டதாம். நம்ம சொல்லு அத்தான் என்று வந்து நின்றான். சொல் நம்முடையதுதான், நீச்சல் யாருடையது என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அதட்டி உட்கார வைத்தேன்.

அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசியில் பயணம். போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அதற்குள் அக்காவும் அத்தானும் அவனும் படகில் ஏறி, விரிகுடாவின் வாயில் இருக்கிற மணல்திட்டுக்குப் போய், ஒரு மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவன் கேட்டது இவ்வளவுதான். அவனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டே தெருத் தெருவாக ஓடியிருக்கிறேன். இந்த உலகத்தில் என்னைத் தைரியசாலி என்று நம்பும் ஒரே ஜீவன் அவன்தான். அந்த நம்பிக்கைக்குப் பங்கம் வந்துவிடக் கூடாதே என்றுதான் எனக்குக் கவலை.

படகு வந்த கொஞ்ச நாளில் மோட்டாரும் வந்தது. படகின் பின்பக்கம் வெளியே மாட்டி, தண்டைத் தண்ணீரில் இறக்கி ஓட்டுகிற ரகம். அரசாங்கத் தமிழில் இதற்கு "வெளிப்பொருத்து இயந்திரம்" என்று பேர். எங்கே மாட்டலாம் அத்தான் என்று மைத்துனன் சாதாரணமாகத்தான் கேட்டான். இப்படித்தான் பெரிய விபத்துகள் எல்லாம் ஆரம்பிக்கின்றன. நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இடர் மதிப்பீட்டுப் பிரிவின் முதுநிலை அலுவலர். மற்றவர்கள் ஒரு கட்டடத்தைப் பார்த்தால் அவர்களுக்குக் கட்டடம் தெரியும். எனக்கு அது எந்த மூலையிலிருந்து எரிய ஆரம்பிக்கும் என்பது தெரியும். அவசரப்படக் கூடாது, குழு அமைப்போம் என்றேன்.

குழுவில் நான் தலைவர். மைத்துனன் உறுப்பினர். நிபுணர் இடத்துக்கு மாடியில் குடியிருக்கும் பல் டாக்டரை நியமித்தேன். துளை போடுவதில் அவருக்கு நீண்ட அனுபவம். வாயைத் திறந்தபடி படுத்திருக்கிறவர்களிடமே பேசிப் பேசி அவருக்குப் பதிலை எதிர்பார்க்கிற வழக்கம் போய்விட்டது. குழு உறுப்பினருக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? என் மனைவியையும் கேட்டேன். அவள் தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிக்கிறவள், எது எங்கே போக வேண்டும் என்று ஒரு பார்வையில் போட்டுவிடுவாள். எனக்கு வேலை இருக்கு என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

கூட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஷெட்டில் நடந்தன. ஷெட்டில் படகு நின்றதால் கார் தெருவில் வெயில் காய்ந்தது. படகின் வலைமீதே அமர்ந்து, படகைப் பற்றி விவாதித்தோம். தரையில் சக்கர வண்டிமேல் நிற்கிற படகு அவ்வளவு பாதுகாப்பாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

இடதுபக்க உடலின் பின்னால் மாட்டிவிடலாம் என்பது மைத்துனனின் தீர்மானம். நான் விளக்கினேன். இடதுபக்கம் தள்ளினால் படகு வலதுபக்கம் திரும்பும். வலதுபக்கம் மாட்டினால் இடதுபக்கம் திரும்பும். துறைமுகத்துக்குள்ளேயே வட்டம் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"சுக்கானக் கொஞ்சம் எதிர்ப்பக்கமாப் புடிச்சா நேராப் போயிடும் அத்தான்" என்றான்.

"பிடிக்கிற ஆளுக்குத் தும்மல் வந்தா?"

அவன் யோசித்தான். டாக்டர் தும்மலில் எத்தனை வகை உண்டு என்று சொல்ல ஆரம்பித்தார். அன்றைய கூட்டம் தும்மலோடு ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்தில் மைத்துனன் நடு இடத்துக்கு வந்தான். இரண்டு உடல்களையும் பின்னால் சேர்க்கிற குறுக்குக் குழாயின் மத்தியில் மாட்டினால் எந்தப் பக்கமும் இழுக்காது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது, அதனால்தான் எனக்குப் பயமாகவும் இருந்தது. இரண்டு உடல்களுக்கும் நடுவில் அலை ஏறி இறங்குமே, இறங்குகிற நேரத்தில் மோட்டாரின் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து சும்மா சுற்றாதா என்றேன். தவிர, குழாய் உருண்டை. மோட்டாரின் திருகுப் பிடி தட்டையான பலகையைத்தான் கவ்வும். மூன்றாவதாக என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். இவ்வளவு பாரம் பின்னால் தொங்கினால் பின்பக்கம் அமிழ்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். ஈடுகட்ட, முன்பக்கத்தில் நல்ல கனமான ஒருவர் அசையாமல் உட்கார்ந்தே ஆக வேண்டும். அப்படி ஒருவர் இல்லாமல் படகைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்று அங்கேயே தீர்மானம் போட்டேன்.

மைத்துனன் ஒல்லி. டாக்டர் அவனைவிட ஒல்லி. இருவரும் என்னைப் பார்த்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பிறகு கள ஆய்வுக்குப் போனோம். படகுத்துறையில் நிற்கிற படகுகளை எல்லாம் பார்த்தோம். ஒருவர் இடதில் மாட்டியிருந்தார், ஒருவர் வலதில், ஒருவர் நடுவில். எல்லோரும் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இவ்வளவு குழப்பத்துக்கு நடுவில் நாம் ஒரு முடிவுக்கு வருவது பொறுப்பற்ற செயல் என்று குழுவுக்கு எடுத்துச் சொன்னேன். டாக்டர் மட்டும் தன் தொழில்முறை ஆலோசனையைத் தந்தார். பல்லைப் பிடுங்குவதா காப்பாற்றுவதா என்று தெரியாவிட்டால் அவர் தற்காலிகமாக அடைத்து அனுப்பிவிடுவாராம். அருமையான யோசனை. மோட்டாருக்கும் ஒரு தற்காலிக இடம் கொடுத்தோம்.

அந்த இடம் சாப்பாட்டு மேசையில் என் நாற்காலி. அதன் முதுகு கெட்டிப் பலகை, திருகுப் பிடி அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. நான் முன்னால் உட்கார்ந்து சாப்பிட, மோட்டார் என் முதுகுக்குப் பின்னால் தொங்கியது. வீட்டில் பெட்ரோல் வாசனை வந்தது. மனைவி சில நாள் அதைப் பார்த்தாள், பிறகு அதன்மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டாள். தம்பியின் பெட்டிகள் ஒவ்வொன்றாக நிரம்பி வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன.

பயணத்துக்கு முந்தைய கடைசி ஞாயிறும் வந்தது. குழு கூடியது. வலதுபக்கத்தைப் பற்றி நாம் இன்னும் முழுமையாகப் பேசவில்லை என்று ஆரம்பித்தேன். அப்போது மனைவி கார் ஷெட்டுக்கு வந்தாள். கையில் ஸ்பானர். பின்னால் என் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள், மோட்டாரோடு.

"இத்தன நாளா இந்தப் பலகையில நல்லாத்தானே தொங்கிக்கிட்டிருக்கு. பலகையோட கழட்டி நடுக்குழாயில வெச்சு முடுக்குங்க" என்றாள். "சாப்பாடு கட்டியாச்சு."

டாக்டருக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் வந்து நான் பார்த்ததில்லை. துளைக்கருவியை எடுத்தார், நாற்காலியைப் பார்த்து வலிக்காது என்றார். முதுகுப் பலகை கழன்றது, குழாயின் மத்தியில் ஏறியது, மோட்டார் பலகையைக் கவ்வியது. மைத்துனன் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. மாதம் முழுக்க எடுத்த கேள்வி, டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிட்டது. இனி ஒத்திவைக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

படகுத்துறையில் நான் என் கடமையைச் செய்தேன். காற்று அதிகம் என்றேன், கொடிகூட ஆடவில்லை. பிறகு காற்றே இல்லை என்றேன், உடனே கொடி ஆடியது. லைஃப் ஜாக்கெட் எனக்குப் பத்தாது என்றேன். மனைவி என் தலை வழியாக அதை மாட்டி, வாரை இழுத்துப் பூட்டினாள். கச்சிதமாக இருந்தது. டாக்டர் ஏற்கெனவே வலைமேல் ஏறி உட்கார்ந்து, யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"கரையில ஒரு ஆள் இருக்கணும், அவசரத்துக்கு" என்றேன்.

"என்ன அவசரம்?" என்றாள் மனைவி.

"அது வந்தாத்தானே தெரியும்."

அவள் கயிற்றைப் பார்க்கப் போனாள். படகை இறக்குகிற சரிவில் நான் உட்கார்ந்துவிட்டேன். மைத்துனன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கால் நனைந்தது, அவன் நகரவில்லை.

"பாய் வெச்ச படகுக்கு மோட்டார் எதுக்கு அத்தான்?" என்றான் மெதுவாக. "உங்களுக்கு நீச்சல் தெரியாது, தண்ணின்னா பயம்னு எனக்குச் சின்னதுலயே தெரியும். காத்து நின்னுட்டா என்ன பண்றதுன்னு நீங்க தவிச்சுப் போயிடுவீங்கன்னுதான் வாங்கினேன். சைக்கிள் ஓட்டறப்ப நீங்க பின்னாடி புடிச்சுக்கிட்டே வந்தீங்கல்ல. அந்த மாதிரி ஒண்ணு."

வாய்விட்டு அழுதுவிடலாம் போல இருந்தது. அந்த நிமிஷம் எழுந்து படகில் ஏறியிருந்தால் இந்தக் கதையை நான் வேறு குரலில் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் என் கால்கள் முதுநிலை அலுவலரின் கால்கள். அடுத்த தடவை கட்டாயம் வர்றேன் மாப்ளே என்றேன். அவன் சிரித்தான். அடுத்த தடவை என்ற ஒன்று அவன் பயணச்சீட்டில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இப்போது குழுவின் தீர்மானம் குறுக்கே நின்றது. முன்பக்கத்தில் கனம் இல்லாமல் படகை இறக்கக் கூடாது. நானே நிரூபித்தது, நானே நிறைவேற்றியது, ஒருமனதாக வேறு. நான் நம்பிக்கையோடு நிமிர்ந்தேன். மனைவி காரிலிருந்து ஒரு பெரிய சாக்கை எடுத்து வந்தாள். மூவரும் சேர்ந்து கரை மணலை அள்ளி அதில் போட்டார்கள். நடுவில் அவள் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்றாள். மூட்டையைப் படகின் முன்பக்கத்தில் ஏற்றி உட்கார வைத்தார்கள். என் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கி மூட்டைக்குப் பூட்டினாள்.

படகு நேராகப் போனது. பின்பக்கம் அமிழவில்லை, மூக்கு வானத்தைப் பார்க்கவில்லை. என் கணக்கு துல்லியமாக இருந்தது. கரையில் அவசரம் எதுவும் வரவில்லை. கொண்டுவந்திருந்த குடையை விரித்து அதன் கீழே உட்கார்ந்திருந்தேன்.

வெயில் தாழ்ந்தபோது திரும்பினார்கள். மூவருக்கும் முகம் சிவந்து, தலை கலைந்து, ஒரே பேச்சு. டாக்டர் முதல் தடவையாக மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் எப்படி ஓடியது என்று விசாரித்தேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்ல காத்து அத்தான்" என்றான் மைத்துனன். "அத ஓட்டவே இல்ல."

அந்த வாரமே அவன் விமானம் ஏறினான். விமான நிலைய வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தான், ரொம்ப நேரம் விடவில்லை. மோட்டாரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். வீட்டுக்கு வந்து முதுகில்லாத என் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாய முடியாததால் நிமிர்ந்தே உட்கார வேண்டியிருந்தது. மேசையின் அந்தப் பக்கம் அவன் இடம் காலியாக இருந்தது.

குழுவைக் கலைத்துவிட்டேன். கலைக்கும் முன் அதன் மிகச் சிறந்த உறுப்பினருக்கு நன்றி தெரிவிப்பது தலைவரின் கடமை. மணல் மூட்டை, சொன்ன இடத்தில் உட்கார்ந்தது. தும்மலைப் பற்றிக் கேட்கவில்லை. அது கள ஆய்வும் கோரவில்லை. போய் வந்தது, அவ்வளவுதான்.

மணல்திட்டில் எடுத்த படத்தை மனைவி பெரிதாக்கிச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறாள். எங்கே மாட்டுவது என்று யாரையும் கேட்கவில்லை. படத்தில் அவள், தம்பி, டாக்டர், நடுவில் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மூட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, இதில் நீங்கள் எங்கே என்று கேட்கிறார்கள். நான் மூட்டையைக் காட்டுகிறேன். இதுவரை யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.