ஒரெஸ்தே மதில் சுற்றிய கதை

ஒரெஸ்தே அன்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மனைவியிடம் பொய் சொல்லப் போவதில்லை. உண்மையில் பாதியை மட்டும் சொல்லப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் இத்தாலியின் லூக்கா நகரமே அதைச் சுற்றிய மதில்மேல்தான் இருக்கும். எதிரிக்குப் பயந்து கட்டிய மதில். எதிரி வரவில்லை. கட்டியது வீணாகக் கூடாதென்று ஊர்க்காரர்கள் அதன்மேல் மரம் நட்டு, உலாவப் பழகிக்கொண்டார்கள். உலா என்றால் நாலடி வைக்க வேண்டும், நிற்க வேண்டும், எதிரே வருபவரின் முழங்கால் வலியை விசாரிக்க வேண்டும், பிறகு அடுத்த நாலடி. இதில் ஒரெஸ்தேயின் மனைவி நோர்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போவதற்குள் மூன்று கல்யாணம் பேசி முடித்துவிடுவாள். அவள் புருஷனோ பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இறங்குகிறவர் ஒரு காலை ஊன்றும்போதே வண்டியை எடுத்துப் பழகியவர். இந்த உலாவில் அவருக்கு உள்ளங்கால் அரிக்கும்.

அன்று அரிப்பு அதிகம். மதிலின் அடுத்த வாசலுக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் ப்ரிஸ்கொலா சீட்டாட்டத்தின் இறுதிப் போட்டி. இருவருக்கு இருவர். கூட்டாளியிடம் வாய் திறக்கக் கூடாது, முகத்தாலேயே சைகை. துருப்பில் ஏஸ் இருந்தால் உதட்டைக் குவிக்கணும், மூன்றாம் நம்பர் சீட்டு இருந்தால் வாயைக் கோணணும். ஒரெஸ்தேயும் கூட்டாளி துய்லியோவும் வருஷா வருஷம் இறுதிவரை வந்து தோற்றவர்கள். இந்தத் தடவை விடுவதாக இல்லை. நாலு மணிக்கு நாற்காலியில் இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சீட்டைத் தொடமாட்டேன் என்று நோர்மாவிடம் சத்தியம் செய்திருப்பதுதான் சிக்கல்.

"நோர்மா, ஒரு யோசனை. நீ இந்தப் பக்கமா நட. நான் அந்தப் பக்கமா நடக்கறேன். மதில் வட்டம்தானே, எங்கயாவது பாத்துக்கலாம்."

"எதுக்கு?"

"டாக்டர் வேகமா நடக்கச் சொன்னாரு. உன்கூட வந்தா மரத்துக்கு மரம் ஸ்டாப்பிங்."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

"சரிங்க. நீங்க வலது பக்கம் போங்க. வெயில் முதுகுல படும், இடுப்புக்கு நல்லது."

அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மனுஷன் கிளம்பிவிட்டார்.

வலது பக்கம்தான் பெஞ்சுகள். பெஞ்சு நிறைய ஊர்ப் பெண்கள். லூக்காவில் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பெண்டாட்டி இல்லாமல் மதிலில் நடந்தால், அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அல்லது கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், அல்லது ஆண்டவரிடம் போய்விட்டாள். வேகமாக நடந்தால் கடைசியாகச் சொன்னதுதான்.

மருந்துக்கடை ஜெல்சோமினா கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்ன ஒரெஸ்தே, தனியா? நோர்மாவுக்கு முடியலையா?"

"நல்லா இருக்கா. அந்தப் பக்கமா வரா."

"ஓஹோ. ஆளுக்கொரு பக்கமா? என் தம்பியும் இப்படித்தான் ஆரம்பிச்சான். இப்ப விஷயம் கோர்ட்டுல நிக்குது."

அவளிடமிருந்து கையை உருவிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். கறிக்கடை பெப்பினோ எதிரே வந்தார். தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியது.

"எப்ப ஆச்சு?"

"என்ன எப்ப ஆச்சு?"

"அழுதுடு ஒரெஸ்தே. மனசுல வெச்சுக்காத."

சொல்லிக்கொண்டே அணைத்துக்கொண்டார். ஆட்டுக்கிடாயைத் தூக்கிப் பழகிய கை, லேசில் விடாது. கோயில் மணி நாலு அடித்தபோது ஒரெஸ்தேயின் மூக்கு பெப்பினோவின் தோளில் புதைந்திருந்தது.

ஒருவழியாக விடுபட்டு, படியிறங்கி, காப்பிக் கடைக்குள் பாய்ந்தார். அவர் நாற்காலியில் நோர்மா உட்கார்ந்திருந்தாள். கையில் சீட்டு. அவர் வளைவு திரும்பியதும் ஏறிய படியிலேயே இறங்கி, குறுக்குத் தெரு வழியாக நேரே வந்துவிட்டிருந்தாள்.

"நீ எங்க இங்க?"

"நாலு மணிக்கு ஆள் இல்லேன்னா துய்லியோ அண்ணன் பாவம் இல்லையா?"

"உனக்கு ஆடவே தெரியாதே."

"சனிக்கிழமை ஆனா குளியலறைக் கண்ணாடி முன்னாடி உதட்டைக் குவிச்சு, வாயைக் கோணிப் பழகறீங்க. கதவைச் சாத்தணும்னு தோணுச்சா உங்களுக்கு?"

"ஒரெஸ்தே, நிக்கறவங்க பேசக் கூடாது" என்றார் துய்லியோ.

ஒரெஸ்தே நின்றார். கையைப் பைக்குள் விட்டார், எடுத்தார். காலை மாற்றினார். நோர்மா ஒவ்வொரு சீட்டுக்கும் அப்படி நிதானித்தாள். எதிராளிகள் பொறுமையிழந்து நல்ல சீட்டையெல்லாம் இறக்கித் தொலைத்தார்கள். அவள் வாயைக் கோணியது துய்லியோ ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்தது. தான் கோணினால் தெருவுக்கே தெரியும் என்பது ஒரெஸ்தேக்கு அன்றுதான் உறைத்தது. வயிறு எரிந்தது. நடுவில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை நினைத்து இன்னும் எரிந்தது.

நோர்மா ஜெயித்தாள். கடை அதிர்ந்தது. துய்லியோ எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தங்கச்சி, அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவீங்கல்ல?"

"வராம என்ன அண்ணே," என்று நோர்மா சீட்டைக் கலைத்தாள். "ஞாயித்துக்கிழமைதான் அவரு தனியா நடக்கப் போயிடறாரே."