உர்ர் அண்ணாச்சி மீசையை எடுத்த சனிக்கிழமை

ராஜபாளையம் வட்டாரத்தில் குரங்குகள் பயந்து மதிக்கிற ஒரே மனிதப் பிறவி எங்கள் உர்ர் அண்ணாச்சிதான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். பட்டாளத்திலிருந்து திரும்பியவர், செண்பகத்தோப்பு போகிற வழியில் ஒரு மாந்தோப்புக்குக் காவல். வாயையே மூடிக்கிடக்கும் மீசை. அதை ஒதுக்க ஒரு குட்டிக் கத்தரி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்.

கண்ணை உருட்டி ‘உர்ர்’ என்பார். மாங்காய்க்கு வந்த கூட்டம் மொத்தமும் மலையேறிவிடும்.

ஒருமுறை கல்யாண வீட்டுக்குப் போக வேண்டி, தன் உர்ரைச் செல்போனில் பதிந்து ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் போனார். குரங்குகள் ஸ்பீக்கர் மேலேயே உட்கார்ந்து பேன் பார்த்தன. அடுத்த கல்யாணத்துக்கு, முறைக்கிற தன் முகத்தை பிளக்ஸ் அடித்துக் கட்டினார். “எந்த வார்டுல நிக்கிறீக அண்ணாச்சி?” என்று ஊர் கேட்டது. குரங்குகள் அதில் ஊஞ்சலாடின.

“மூஞ்சியும் சத்தமும் சேந்து வந்தாத்தான் தாயி அதுக நம்புது” என்றார் என்னிடம், நொந்துபோய்.

குரங்குகளைப் பற்றிப் படிக்க வந்திருந்த கல்லூரிப் பெண், “ஆமா அண்ணாச்சி, கண்ணு பாக்குறதையும் காது கேக்குறதையும் சேத்து வச்சுப் புரிஞ்சிக்கிற இடம் அதுக மூளையில இருக்கு. நமக்கும் அப்படித்தான்” என்றாள்.

“அப்ப எனக்குக் கல்யாணச் சாப்பாடே கெடையாதா?”

‘நமக்கும் அப்படித்தான்’ என்பது என் வீட்டில் தினமும் நடப்பது. என் வீட்டுக்காரருக்கு மில் இரைச்சலில் காது போய்விட்டது. காது மிஷினையும் மாட்டி, பேசுகிறவர் உதட்டையும் பார்த்தால்தான் அவருக்கு விளங்கும். அண்ணாச்சி உதட்டைத்தான் மீசை விழுங்கிவிட்டதே! அவர் எது சொன்னாலும் இவர் தலையாட்டிச் சிரிப்பார். பல வருஷச் சிநேகம் அப்படியே ஓடியது.

போன புரட்டாசிச் சனிக்கிழமை, மலையில் காட்டழகர் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்புகையில் அண்ணாச்சி தோப்பில் செத்த நேரம் உட்கார்ந்தோம். ஒரு குரங்கு இவர் காது மிஷினை உருவிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. “பெருமாளே!” என்று அலறினேன். இன்னொன்று வாங்க எங்களுக்கு வழியில்லை. இவர் காதில் ஒன்றும் விழாமல் என் முகத்தையே பார்த்து நின்றார்.

உர்ர் போட வாயெடுத்த அண்ணாச்சி நிறுத்திக்கொண்டார். “மெரட்டுனா மலைக்குக் கொண்டு போயிரும் தாயி. கொஞ்சணும்.”

குரங்கு கொஞ்சுவது உதட்டைப் படபடவென்று அடித்துத்தான். அண்ணாச்சி ‘ப்ச்ப்ச்ப்ச்’ என்றார். சத்தம் வந்தது, உதடு மீசைக்குள் கிடந்தது. குரங்கு நம்பவில்லை. மிஷினைக் கடித்துப் பார்க்கத் தொடங்கியது.

அண்ணாச்சி இவரை ஒரு பார்வை பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கத்தரியை எடுத்தார்.

“ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி!”

“சும்மா இரு தாயி. மசுருதான.”

பட்டாளத்து மீசை மாஞ்சருகில் விழுந்தது. வெயிலே பார்க்காத மேலுதடு வெளியே வந்து ‘ப்ச்ப்ச்ப்ச்’ என்று அடித்தது. குரங்கு உற்றுப் பார்த்தது. தானும் உதட்டை அடித்துக்கொண்டே இறங்கி வந்து, மிஷினைப் போட்டுவிட்டு அண்ணாச்சி நீட்டிய வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டது.

துடைத்து இவர் காதில் மாட்டிவிட்டேன்.

“ஏலே, கேக்குதா?” என்றார் அண்ணாச்சி.

இவர் தலையாட்டவில்லை. அந்த உதட்டையே பார்த்தார். “கேக்குது அண்ணாச்சி. இம்புட்டு வருசத்துல இன்னைக்குத்தான் நீங்க பேசுறது வெளங்குது.”

மீசை போனதில் உர்ருக்குப் பாதி மரியாதை போய்விட்டது. தோப்பில் மாங்காய் கொஞ்சம் குறைகிறது. ஆனாலும் அண்ணாச்சி மறுபடி மீசை வைக்கவில்லை. கேட்டால், வெயில் என்கிறார். சாயங்காலம் விளக்கேற்றி எங்கள் வீட்டு ஆட்களுக்காக வேண்டிக்கொண்ட பிறகு, பெருமாளிடம் அந்த மேலுதட்டையும் சொல்லி ஒரு கும்பிடு போடுகிறேன்.