‘கடைமடை வரை கருணை’ என்னும் விவரணப் படம்

மனிதனாகப் பிறந்தவன் காசிக்குப் போகிறானோ இல்லையோ, கண்ணை மூடுவதற்குள் நல்ல விவரணப் படங்கள் மூன்றாவது பார்த்துவிட வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. எந்த மூன்று என்று குழம்பவும் வேண்டாம். பொதுஜன ஞானோதய இலாகாவே பட்டியல் அச்சிட்டு வெளியிட்டிருக்கிறது. ஒன்று, ‘கம்போஸ்ட் உரமும் குடிமகன் கடமையும்’. இரண்டு, ‘கொசு: ஓர் எச்சரிக்கை’. மூன்று, ‘கடைமடை வரை கருணை’. முதல் படத்தில் உரம் நன்றாக நடித்திருக்கிறது. இரண்டாவதில் கொசு. மூன்றாவதில் மருதம்பத்து அய்யம்பெருமாள் பிள்ளை.

அய்யம்பெருமாள் நடிகராகப் பிறந்தவர் அல்ல. கால்வாயின் கடைசி மடையில் ஒரு கோட்டை நெல் விதைக்கிற அளவு வயலுக்குச் சொந்தக்காரர். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றி இருபத்தொன்பது, தை மாதம். கும்பப்பூ நெற்பயிர், கதிர் இன்னும் தாளை விட்டு வெளியே வராமல், தொண்டைக் கதிராக நின்றது. வயல் வெடித்து, வெடிப்பில் பூவரசங் கம்பை விட்டால் முழங்கை ஆழம் இறங்கியது. இரண்டு மைல் மேலே ஷட்டரில் தண்ணீர் முட்டிக்கொண்டுதான் நின்றது. அதைத் திறக்கும் சாவியை இசக்கி என்ற காவல்காரன் அரைஞாண் கயிற்றில் கட்டி வைத்திருந்தான். உத்தரவில்லாமல் தன் மாமனார் கேட்டாலும் திறக்க மாட்டான்.

தண்ணீர் கேட்டு அய்யம்பெருமாள் மனுக் கொடுத்தார். மனு எந்த ஆபீசுக்கு எழுதினாலும் கடைசியில் ஞானோதய இலாகாவுக்கே போய்ச் சேர்ந்தது, அங்கேதான் பதில் சொல்ல ஆள் இருந்தார்கள் என்பதால். பதில் இலாகா வேனில் ஏறி வரும். பள்ளிக்கூடச் சுவரில் வேட்டியைக் கட்டி ஒரு படம் காட்டுவார்கள். மனுதாரர் ‘அறிவு பெற்றேன்’ என்று கையெழுத்துப் போட்டால் மனு முடிந்தது. அய்யம்பெருமாள் தண்ணீர் கேட்டு இரண்டு தடவை கொசுவைப் பார்த்திருந்தார்.

மூன்றாவது மனுவுக்கு ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இலாகா அதிகாரி குமாரதாஸும், படம் பிடிக்கிற கோட்டாறு செய்யது அலியும், ஒரு காமிராவும், சத்தம் பிடிக்கிற பெட்டியும் இறங்கினார்கள்.

“தண்ணீர் பெற்ற கடைமடை விவசாயிகளின் ஆனந்தத்தைப் படமாக்க வந்திருக்கிறோம்” என்றார் குமாரதாஸ்.

“தண்ணி வரல்லியே சார்.”

“படத்துக்கு வரும். படப்பிடிப்பு முடியும்வரை தேவைப்படும்போதெல்லாம் ஷட்டரைத் திறக்க உத்தரவு இருக்கிறது.” மூன்று முத்திரை குத்திய காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“அதுலயே ‘பயிருக்கும்’னு ஒரு சொல்லு சேத்துக்கிட்டா…”

“பயிர் வேறு இலாகா.”

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆனந்தம் என்று முடிவாயிற்று. ஊர் முழுக்கக் கால்வாய்க் கரையில் கூடியது. பெட்டிக்குள் கிடந்த கல்யாண வேட்டியும் கூறைப்புடவையும் அந்துருண்டை வாசத்தோடு வெளியே வந்தன. ஜீப் போய் இசக்கியிடம் சொல்லிவிட்டு வந்தது. முக்கால் மணி நேரத்தில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்தது. செய்யது அலி காமிராவை ஓட்டினார். ஊரார் அத்தனை பேரும் நெஞ்சை நிமிர்த்தி, கையை விறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர்கூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை.

“அசையுங்கள். ஆனந்தப்படுங்கள்” என்று குமாரதாஸ் கத்தினார்.

அய்யம்பெருமாள் உதட்டை அசைக்காமல் பதில் சொன்னார். “அசைஞ்சா படம் கலங்கிப் போயிராதா சார்? கோட்டாத்து ஸ்டூடியோவுல அப்படித்தான சொல்லுகாவ.”

சலனப் படத்தின் தத்துவத்தை விளக்க அதிகாரிக்கு அரை மணி நேரம் பிடித்தது. பிறகு அவர் பெண்களிடம் திரும்பினார். “சரி, இப்போது குரவையிடுங்கள்.”

பெண்கள் அய்யம்பெருமாளின் மனைவி தாணம்மாளைப் பார்த்தார்கள். ஊரில் நல்லது எதற்கும் நாக்கைச் சுழற்றி எழுப்பும் முதல் குரவை அவளுடையது.

“இதுக்குக் குரவை இட முடியாது” என்றாள் தாணம்மாள். “குரவை புதுத்தண்ணிக்கு உள்ளது. தல காட்டி வரும்போ இடணும். இது வந்து அரை மணிக்கூறு ஆச்சு.”

“பாவனையாக இடுங்கள் அம்மா. படத்தில் யாருக்குத் தெரியப் போகிறது?”

“எழவு வீட்டுலகூடப் பாவனைக்கு அழுவோம் சார். குரவை மட்டும் பாவனைக்குக் கெடையாது.”

இலாகா எதிர்பார்க்காத முட்டுக்கட்டை இது. குமாரதாஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். குரவை அதில் இல்லை. ஷட்டரை அடைத்து, கால்வாய் காய்ந்த பிறகு மறுநாள் மறுபடி திறப்பது என்று தீர்மானித்து, தீர்மானத்தில் அவரே கையெழுத்தும் போட்டார்.

அன்று சாயங்காலம் அய்யம்பெருமாள் கல்யாண வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படத்துக்கு வந்த தண்ணீர் பாய்ந்திருந்த வயலுக்குள் இறங்கினார். கால் கணுக்கால் வரை புதைந்தது. புதைந்த காலை எடுக்க மனமில்லாமல் அங்கேயே நின்றார். அவருக்கு அழுகை வந்தது, அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர்க்கூட்டத்தைக் கூட்டினார்.

“இன்னும் எட்டுத் தண்ணி கெடைச்சா கதிரு பால் பிடிச்சிரும். எட்டு நாளைக்குப் படம் சரியா வரக்கூடாது. நாளைக்குக் கெடுக்கது யாரு?”

தண்ணீருக்கு முறை வைத்துப் பழகிய ஊர், கெடுப்பதற்கும் முறை வைத்தது. மேலத்தெரு ஒரு நாள், கீழத்தெரு ஒரு நாள்.

கலைக்காக ஒரு கிராமம் இப்படிப் பாடுபட்டதை நாஞ்சில் நாடு அதற்கு முன் கண்டதில்லை. இரண்டாம் நாள், தண்ணீர் தலைகாட்டிய நேரத்தில் கீழத்தெருவார் வரிசையாகக் காமிராவுக்குச் சலாம் வைத்தார்கள். மூன்றாம் நாள் வில்லுவண்டிக் காளை ஒன்று பின்பக்கத்தைக் காமிராவுக்குக் காட்டிக்கொண்டு நின்று, நகர மறுத்தது. அன்றைக்கு அதன் முறை. நான்காம் நாள் ஆனந்தக் கூத்தாடிய பெரியவர் ஒருவர் சரியாக லென்ஸுக்கு எதிரே வந்து, “படம் முடிஞ்ச பொறவு ஷட்டர் தொறக்கது எப்பம்?” என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் தாணம்மாள் உள்ளபடி குரவையிட்டாள். ஒரு தடவை தலைகாட்டிய தண்ணீருக்கு இரண்டாம் தடவை இட மறுத்தாள், அதனால் ஷட்டரை அடைத்து மறுநாள் மறுபடி திறக்க வேண்டியிருந்தது. குமாரதாஸ் இளைத்துப் போனார்.

ஐந்தாம் நாள் படமும் கெட்ட பிறகு செய்யது அலி அய்யம்பெருமாளைத் தென்னைமூட்டு நிழலுக்கு அழைத்துப் போனார். “அண்ணாச்சி, நான் கல்யாண வீடு எடுக்கவன். சிரிப்பு எது, நடிப்பு எதுன்னு எனக்குத் தெரியும். இன்னும் எத்தன தண்ணி வேணும்?”

அய்யம்பெருமாள் மறைக்கவில்லை. “நாலு.”

“அப்ப நாலு நாளைக்கு லென்ஸுல தூசி.”

பத்தாம் நாள் கதிரை நசுக்கிப் பார்த்தபோது வெள்ளையாகப் பால் வந்தது. அன்று முறை யாருக்கும் வைக்கவில்லை. தண்ணீர் வந்தது. அய்யம்பெருமாள் காமிரா இருப்பதை மறந்து கால்வாய்க்குள் குதித்தார், துள்ளினார், தண்ணீரை அள்ளித் தலையில் விட்டுக்கொண்டு சிரித்தார். பயிர் பிழைத்துவிட்டது என்ற சிரிப்பு அது, அடக்கினாலும் அடங்காது. தாணம்மாளின் குரவை தோவாளை மலையில் பட்டுத் திரும்பியது. செய்யது அலி லென்ஸைத் துடைத்து அத்தனையும் எடுத்தார்.

குமாரதாஸ் கண் கலங்கினார். ‘செயற்கை சிறிதும் கலவாத நடிப்பு, தண்ணீர் இல்லை என்று மனுக் கொடுக்கும் எல்லாக் கிராமங்களிலும் காட்டப் பரிந்துரைக்கிறேன்’ என்று அறிக்கை எழுதினார். அதிகாரி ஒருவர் எழுதிய பரிந்துரை அப்படியே நிறைவேறியது அந்த ஒரு தடவைதான். ஷட்டரை இசக்கி பூட்டினான். மருதம்பத்தில் நல்ல விளைச்சல்.

மறுவருஷம் மாசி மாதம், அய்யம்பெருமாள் வீட்டு வாசலில் ஒரு மனிதன் வந்து நின்றான். பெயர் சிலுவை. விளவங்கோட்டுப் பக்கம் ஒரு கடைமடை ஊர். மூன்று பஸ் மாறி வந்திருந்தான்.

“நீருதான படத்துல துள்ளினவரு?”

அய்யம்பெருமாளுக்கு உச்சி குளிர்ந்தது. ரசிகர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். துண்டை எடுத்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். “நாந்தான். இரியும். தாணம்மா, கருப்பட்டிக் காப்பி கொண்டா. படம் எப்பிடி?”

“நல்ல படம்” என்றான் சிலுவை. உட்காரவில்லை. “தண்ணி கேட்டு மனுக் குடுத்தோம், படம் வந்துது. பயிரு அப்பம் தொண்டைக் கதிரு. தெரையில தண்ணி தல காட்டிச்சு, குரவையும் கேட்டுது. எங்க பொம்பளையளும் எழும்பி நிண்ணு குரவை இட்டாவ. நாங்க பாதிப் பேரு மம்பட்டிய எடுத்துக்கிட்டுச் சானல் கரைக்கு ஓடினோம்.”

காப்பித் தம்ளரோடு வந்த தாணம்மாள் நிலைப்படியில் நின்றாள்.

“திரும்பி வரதுக்குள்ள ஆபீசரு எழுதி முடிச்சிட்டாரு. ‘கிராமத்தில் குரவை கேட்டது, ஆகவே தண்ணீர் வந்து சேர்ந்தது’ன்னு. மனு முடிஞ்சுது. பயிரும் முடிஞ்சுது.”

அய்யம்பெருமாள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார். “நாங்க எங்க பயிருக்காகச் செய்தோம்வே. அது படம்னு உங்க பொம்பளையளுக்குத் தெரியாண்டாமா?”

சிலுவை அவரைப் பார்க்கவில்லை. தாணம்மாளைப் பார்த்துச் சொன்னான், கோபமே இல்லாமல்.

“பொய்க் குரவைன்னா அவியளுக்குக் கேட்டதும் அந்தால தெரிஞ்சிரும். இந்த அம்மா இட்டது நெசக் குரவை. அதுலதான் ஏமாந்துட்டாவ.”