வருஷப் பாஸ் வைராக்கியம்

"வளந்தது எம்மக குத்தமா?"

ஜெயசித்ரா கேட்ட கேள்விக்கு, ஜில்லு லேண்ட் கவுண்டரில் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த மாரிக்கனி சுவரைக் கை காட்டினாள். சுவரில் ஒரு ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள். அதன் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே இருந்தால் அரை டிக்கெட், மேலே போனால் முழு டிக்கெட். ஜெயசித்ராவின் மகள் ஒட்டகச்சிவிங்கியை ஒட்டி நின்றுகொண்டு, தன்னால் முடிந்த மட்டும் முழங்காலை மடக்கிப் பார்த்தாள். அப்படியும் தலை கோட்டைத் தாண்டியது.

"கொண்டையையும் சேத்து அளந்தா தாண்டத்தான செய்யும்? கொண்டையை அவுத்துட்டு அளங்க."

"அவுத்தும் அளந்தாச்சு மேடம். இப்ப ரப்பர் பேண்டு உங்க கையிலதான் இருக்கு."

ஜெயசித்ரா கையைப் பார்த்தாள். இருந்தது. அதனால் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, வன்னியம்பட்டி விலக்கு தாண்டி இருக்கும் இந்தத் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போன ஒரு வருஷமாக ஒரு ஞாயிறு விடாமல் வந்துபோன குடும்பம் அது. இன்றைக்கு வருஷப் பாஸைப் புதுப்பிக்க வந்தால், விலை போன வருஷத்தைப்போல் ஒன்றரை மடங்கு. மகள் முழு டிக்கெட். செருப்பு வைக்கத் தனிக் காசு. நனையும் நைலான் உடுப்புக்குத் தனி வாடகை. போதாததற்கு, வெளிச் சாப்பாடு உள்ளே வரக் கூடாதாம்.

"புளிச்சோறு கொண்டாரக் கூடாதா?"

"எங்க கேன்டீன்ல எல்லாம் கெடைக்கும் மேடம்."

"ஒங்க கேன்டீன்ல ஒத்தத் தோசைக்கு வாங்குத காசுக்கு, நான் எங்க வீட்ல மாவாட்டி வாரம் பூரா சுடுவேன். தெரியுமா?"

பின்னால் நின்ற கணவன் சதீஷ் மெல்ல அவள் முழங்கையைத் தொட்டான்.

"சித்ரா, வரிசையில ஆளுக நிக்காங்க."

"நிக்கட்டும். அவங்களுக்கும் சேத்துத்தான் கேக்கேன்."

வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். காலில் கிடந்த ரப்பர் செருப்பைத் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"இந்தத் தண்ணியில இனி எங்குடும்பத்துக் கால் ஒண்ணு நனைஞ்சா, எம்பேரு ஜெயசித்ரா இல்ல!"

சதீஷ் வானத்தைப் பார்த்தான். மில்லில் ஃபிட்டர் வேலை அவனுக்கு. எந்த மிஷின் எப்போது சூடாகும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். இந்த மிஷின் மட்டும் சூடான பிறகுதான் சத்தம் கொடுக்கும். முன்னே ஒருமுறை கேபிள்காரர்மீது சபதம் போட்டாள். வீட்டில் மூன்று மாதம் டிவி இல்லை. காய்கறிக் கடைக்காரர் கறிவேப்பிலைக்குக் காசு கேட்டபோது ஒரு சபதம். அதிலிருந்து அந்த வீட்டில் ரசம் தாளிப்பதே கறிவேப்பிலை இல்லாமல்தான். சபதம் போடுவது அவள், இளைப்பது சதீஷ்.

அன்று சாயங்காலமே தெருவைக் கூட்டிவிட்டாள். அந்தத் தெருவில் இன்னும் ஏழு வீட்டில் ஜில்லு லேண்ட் பாஸ் உண்டு. எல்லாம் போன வருஷம் ஜெயசித்ரா வீடுவீடாகப் போய் நச்சரித்து வாங்க வைத்தவை. வாங்கினார்களே தவிர, இரண்டு தடவைக்குமேல் யாரும் போனதில்லை.

"வெலைய ஏத்திக்கிட்டே போவான், நாம தலையாட்டிக்கிட்டே கட்டுவமா? ஏழு வீடும் சேந்து நின்னா அவன் தன்னால எறங்கி வருவான். யாரும் பாஸைப் புதுப்பிக்கக் கூடாது. இந்தா சூடம். அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க!"

முதலில் அடித்தவர் ஐயாதுரை அண்ணாச்சி. ரிட்டயர்டு ஏட்டு, பெரிய மீசைக்காரர். கீழ்வீட்டில் அவரும் மனைவி சண்முகத்தாயும். மாடியில்தான் ஜெயசித்ரா குடும்பம் வாடகைக்கு இருந்தது. அடுத்து டீக்கடை ரத்தினம் அடித்தார். ஹெப்சிபா டீச்சர் முறை வந்தபோது அவர் தயங்கினார்.

"அக்கா, சத்தியமே பண்ணக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு."

"அப்ப நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க டீச்சர். அது வேதத்துல இல்லேல?"

டீச்சர் ஆட்டினார். சத்தியத்தை மீறுகிற வீடு தெரு முழுவதற்கும் கறிச்சோறு போட வேண்டும் என்று தண்டனையும் முடிவானது. ஜெயசித்ராவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழு குடும்பம் தன் வார்த்தையை நம்பிச் சூடத்தை அடித்திருக்கிறது. அவளை அப்படி இதுவரை யாரும் நம்பியதில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது?

"தண்ணிக்கா பஞ்சம்? அய்யனார் கோவில் அருவி இருக்கையில நைலான் உடுப்பு எதுக்கு?" என்று முதல் ஞாயிறு ஏழு வீட்டையும் விடியக்காலம் எழுப்பி ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றினாள். போய்ப் பார்த்தால் அருவியில் ஒரு சொம்பு கவிழ்த்த அளவுக்குத்தான் தண்ணீர் வழிந்தது. புளிச்சோற்றுப் பானையைத் திறந்த மறு நிமிஷம் குரங்குக் கூட்டம் இறங்கிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததென்று சும்மாவா சொன்னார்கள்? ரத்தினத்தின் மூக்குக் கண்ணாடியோடு ஒரு குரங்கு இன்னும் மேற்குமலையில்தான் சுற்றுகிறது.

இரண்டாவது ஞாயிறு மொட்டை மாடியிலேயே சொந்தமாக ஜில்லு லேண்ட் கட்டினாள். தார்ப்பாயைச் சரித்துக் கட்டி, சோப்புத்தண்ணி ஊற்றி, டேங்கிலிருந்து ஓஸ் பைப்பை இழுத்துவிட்டாள். தெருப் பிள்ளைகள் அத்தனையும் சறுக்கின. மத்தியானத்துக்குள் டேங்க் காலி, மோட்டார் புகைந்துபோனது. சோப்புத்தண்ணி ஜன்னல் வழியாகக் கீழே இறங்கி, சாப்பிட்டுப் படுத்திருந்த ஐயாதுரை அண்ணாச்சியின் கட்டிலில் விழுந்தது. மனுஷர் ஐப்பசி அடைமழை என்று நினைத்து, காயப்போட்ட வத்தலை எடுக்க ஓடினார்.

மூன்றாவது ஞாயிறு, "வெளையாட்டு வேண்டாம். பொதுக்காரியம் பாப்போம்" என்று முடிவு செய்தாள். மீன்காரரிடம் மைக்கை இரவல் வாங்கினாள்.

"தெருப் பொதுமக்கள் எல்லாரும் வெளக்குமாத்தோட வெளிய வாங்க! சாக்கடை நாறுது! டீச்சர், ஒங்க வீட்டுக் குப்பையில மக்குத குப்பையும் மக்காத குப்பையும் ஒண்ணாக் கெடக்கு! ரத்தினம் அண்ணே, ஒறங்குனது போதும்!"

அன்று மத்தியானத் தூக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. சாக்கடை மட்டும் சுத்தமாகக் கிடந்தது. ஜெயசித்ரா இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்து, "பாத்தியளா, பாஸ் இல்லாமலே ஞாயித்துக்கெழமை எம்புட்டு நல்லாப் போகுது!" என்றாள். எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டே வீட்டுக்குள் போனார்கள்.

அந்த வாரம்தான் அவள் போனில் அந்தச் செய்தி வந்து விழுந்தது.

"ஜில்லு லேண்ட் குடும்பத்துக்கு மீண்டும் வருக! உங்கள் வருஷப் பாஸ் புதுப்பிக்கப்பட்டது."

ஜெயசித்ரா அதை இரண்டு தடவை படித்தாள். உடனே கவுண்டருக்குப் போன் போட்டாள்.

"ஆமா மேடம்," என்றாள் மாரிக்கனி உற்சாகமாக. "ஒங்க வீட்டுக்காரரே நேர்ல வந்து ரொக்கமாக் கட்டிட்டுப் போனாரு."

சதீஷ் அப்போது மோர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தான்.

"எதுக்குப் பாஸ் கட்டுனீக?"

"எந்தப் பாஸு?"

"நடிக்காதீக. கவுண்டர்க்காரி சொல்லிட்டா."

"சத்தியமா நான் கட்டலை சித்ரா."

"அப்ப அவ பொய் சொல்லுதாளா? அவளுக்கு என்ன வேண்டுதலு?"

இதே கேள்வி சோற்றுத்தட்டில் ஆரம்பித்து, கை கழுவும் இடம் வரை வந்து, பாயைத் தட்டிப் போடும்போதும் தொடர்ந்தது. கடைசியில் சதீஷ் ஒரு தப்புக் கணக்குப் போட்டான். ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவாள் என்று நினைத்தான்.

"சரி, நாந்தான் கட்டுனேன். போதுமா?"

போதாது. செய்தவனை ஒரு கேள்வியில் விட்டுவிடலாம், செய்யாமல் ஒப்புக்கொண்டவனை அப்படி விட முடியாது. என்றைக்குப் போனீக, பணம் ஏது, பஸ்ஸிலா பைக்கிலா என்று ஒவ்வொன்றாக வந்தது. சதீஷ் போகும்போது பஸ்ஸிலும் வரும்போது பைக்கிலும் வந்ததாகச் சொன்னான்.

ஜெயசித்ரா அழுதுவிட்டாள். அவள் அழுது சதீஷ் அதிகம் பார்த்ததில்லை.

"ஏழு வீடு என்னைய நம்பிச் சூடம் அடிச்சிருக்கு. நாளைக்கு எந்த மொகத்தோட அவங்க முன்னால நிப்பேன்? வெலை ஏத்துனவன்கூட என்னைய இப்படி அசிங்கப்படுத்தலையே!"

சதீஷ் உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். ஆனால் இப்போது மாற்றிச் சொன்னால் அதற்கும் விசாரணை வரும்.

மறுநாள் அவளே தெருவைக் கூட்டினாள். மைக் இல்லாமல், தலை குனிந்து பேசினாள்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். சத்தியத்தை மீறுனது எங்க வீடு. எங்க வீட்டுக்காரர் பாஸைப் புதுப்பிச்சிட்டாரு. தெருவுக்கே கறிச்சோறு போடுதேன். என்னைய மன்னிச்சிருங்க."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. சதீஷை எல்லோரும் ஏதோ தியாகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். முதலில் ஹெப்சிபா டீச்சர்தான் வாயைத் திறந்தார்.

"பரவால்ல அக்கா. மன்னிக்கிறதுதான் பெரிசு. நீங்க போயிட்டு வாங்க."

"ஆமா, கட்டுன காசு வீணாப் போகலாமா?" என்றார் ஐயாதுரை அண்ணாச்சி. "பேசாம ஞாயித்துக்கெழமை தோறும் போயிட்டு வாங்கம்மா. கறிச்சோறெல்லாம் வேண்டாம்."

"காலையில வெள்ளனக் கெளம்பிருங்க. கூட்டம் இருக்காது," என்றார் ரத்தினம். "ராத்திரி மெதுவா வந்தாப் போதும்."

ஜெயசித்ராவுக்குக் கண் கலங்கியது. எம்புட்டுப் பெரிய மனசு இவர்களுக்கு! இப்படிப்பட்டவர்களுக்கா துரோகம் செய்வது? குனிந்திருந்த தலை மெல்ல நிமிர்ந்தது. சதீஷ் அதைப் பார்த்துவிட்டு, "வேண்டாம் சித்ரா" என்று முணுமுணுத்தான். என்ன வேண்டாம் என்று அவனுக்கே தெரியாது.

"நீங்க மன்னிக்கலாம். நான் மன்னிக்க மாட்டேன்! நாளைக்கே போயி அந்தப் பாஸை கேன்சல் பண்ணிப் பணத்தைத் திருப்பி வாங்குதேன். வார ஞாயித்துக்கெழமை மைக்கோட நம்ம போராட்டம் மறுபடியும் தொடங்கும்!"

ஐயாதுரை அண்ணாச்சி கையிலிருந்த டீ அவர் வேட்டியிலேயே கொட்டியது.

மறுநாள் காலை சதீஷை மில்லுக்கு லீவு போடவைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். கவுண்டரில் அதே மாரிக்கனி, அதே ஒட்டகச்சிவிங்கி.

"கட்டுனவங்களே நேர்ல வந்து கேட்டாத்தான் திருப்பித் தர முடியும் மேடம்."

"இந்தா நிக்காருல்ல? கட்டுன மகராசன் இவருதான்."

மாரிக்கனி சதீஷை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவரு இல்லையே மேடம்."

"என்னது?"

"இவரு ஒங்க வீட்டுக்காரர் இல்ல. ஒங்க வீட்டுக்காரர் வயசானவரு. பெரிய மீசை வச்சிருப்பாரு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மிதவை டியூபை இடுப்பில் மாட்டியிருந்த ஒருவர், நன்றாகப் பார்ப்பதற்காக இரண்டடி முன்னால் வந்தார்.

சதீஷுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ரோஷம் வந்தது.

"ஏம்மா, நான் இவ புருஷன் இல்லேன்னு சொல்ல நீ யாரு? கல்யாண ஆல்பத்தைக் கொண்டாரவா?"

"அப்ப கட்டாத பாஸைக் கட்டுனேன்னு ஏன் ஒத்துக்கிட்டீக?" என்று பாய்ந்தாள் ஜெயசித்ரா.

"நீ விட்டாத்தான? விடியிற வரைக்கும் கேட்டிருப்ப!"

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஐயாதுரை அண்ணாச்சி அவசரமாக இறங்கினார். பின்னாலேயே சண்முகத்தாய்.

"ஏம்மா சித்ரா, கேன்சல் பண்ணிராத! செத்த பொறு!"

மாரிக்கனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அந்தா வாராரு பாருங்க மேடம், ஒங்க வீட்டுக்காரர்!"

சண்முகத்தாய் நின்ற இடத்திலேயே நின்றாள். "எவ வீட்டுக்காரர்?"

"நீ வேற ஏட்டி!" ஐயாதுரை அண்ணாச்சிக்கு மீசை துடித்தது. "பேரு கேட்டாங்க, இன்னாரு வீட்டுக்காரர்னு சொன்னேன். வீடு என்னுது, அவங்க குடியிருக்காங்க, வாடகை நாந்தான் வாங்குதேன். அப்ப நான் வீட்டுக்காரர் இல்லாம வேற யாரு?"

டியூப் மாட்டியிருந்தவர் ஏமாற்றத்தோடு பின்வாங்கினார். சதீஷ் பெருமூச்சு விட்டான். ஆனால் ஜெயசித்ரா விடவில்லை.

"இருங்க அண்ணாச்சி. பல்பு ஃபியூஸ் போனாக்கூட குடியிருக்கவங்களையே மாத்தச் சொல்லுத ஆளு நீங்க. எங்களுக்கு எதுக்குப் பாஸ் கட்டணும்? அதும் மொத ஆளாச் சூடம் அடிச்ச நீங்களே சத்தியத்தை மீறலாமா?"

அண்ணாச்சி ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தார். சண்முகத்தாய்தான் முன்னால் வந்து ஜெயசித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தியத்தை யாருமே மீறலை தாயி. எங்க பாஸை ஒருத்தரும் புதுப்பிக்கலை. அந்தக் காசையெல்லாம் தெருவே ஒண்ணாச் சேத்துத்தான் ஒனக்கு மட்டும் புதுப்பிச்சோம். ஞாயித்துக்கெழமை ஒரு நாளாச்சும் நாங்க கண்ணசரணும்ல!"