மூன்றுக்கு அடுத்த கட்டில்

தேக் சூனின் ஆள்காட்டி விரல் பிரெய்ல் பலகையின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

மேலே இரண்டு புள்ளிகள். அதற்குக் கீழே, வலப்பக்கம் ஒன்று.

விரல் வியர்த்திருந்தது. தப்பாகப் படித்திருக்கலாம். பைஜாமாவில் துடைத்துக்கொண்டு மறுபடி தடவினார். புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

நான்கு.

"மிஸ்ஸி," என்று கூப்பிட்டார். இன்னொரு தடவை, உரக்கக் கூப்பிட்டார்.

நர்ஸ் நொரைனி ஓடிவந்தாள். பார்வை இல்லாத நோயாளியைத் தொடுவதற்கு முன் பெயரையும் காரியத்தையும் சொல்ல வேண்டும் என்பது அந்த மருத்துவமனையின் புது விதி. "நான் நொரைனி, அங்கிள். உங்க வலது கையைத் தொடப்போறேன்," என்றாள்.

"கையை அப்புறம் தொடலாம். இது எத்தனாம் நம்பர் கட்டில்?"

"அஞ்சு."

"பொய்."

"தலைக்கு மேல இவ்வளவு பெருசா எழுதியிருக்கு அங்கிள். ரெண்டு கண்ணாலயும் பார்த்துத்தான் சொல்றேன்."

"எனக்குக் கண்ணு தெரியாதுங்கிற தைரியத்துல சொல்ற. பலகையில நாலுன்னு இருக்கு."

கூ தேக் சூனுக்கு வயது ஐம்பத்தெட்டு. பாதம் பிடித்துவிடுவது தொழில். ஜார்ஜ் டவுனில் அவர் விரல் படாத பாதங்கள் குறைவு. குடலிறக்க அறுவைக்காக ஏழு மாதம் வரிசையில் காத்திருந்தார். பிறகு இரத்த அழுத்தம் இறங்குவதற்காகப் பதினோரு நாள் வேறொரு வார்டில் கிடந்தார். நேற்று மாலைதான் இங்கே மாற்றியிருந்தார்கள். இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அறுவை. 'இதுக்கு மேல தள்ளினா குடல் முறுக்கிக்கும். அப்புறம் உயிருக்கு நான் பொறுப்பில்ல' என்று டாக்டர் ஊய் கறாராகச் சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்ட நாளில் நாலாம் நம்பர் கட்டில்.

தேக் சூன் நாலாம் நம்பர் வீட்டில் குடியிருந்ததில்லை. நாலில் முடியும் கைப்பேசி எண்ணை இனாமாகத் தந்தபோதும் வாங்கவில்லை. நாலு என்றால் சாவு; சீன மொழியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். பினாங்கில் எந்தச் சீன வீட்டுக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

நொரைனி பக்கத்துக் கட்டில்களையும் எட்டிப் பார்த்தாள். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"புரிஞ்சிடுச்சு அங்கிள். போன வாரம் உங்க பார்வையற்றோர் சங்கத்துக்காரங்க வந்து பலகை ஒட்டினாங்க. கட்டிலைத் தடவித் தடவி ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு ஒட்டிட்டுப் போயிட்டாங்க. இந்த ஆஸ்பத்திரியில நாலுன்னு ஒரு நம்பரே கிடையாது. மூணுக்கு அடுத்தது அஞ்சு."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். தேக் சூன் பலகையிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அதாவது, நாலாவது கட்டிலுக்கு அஞ்சுன்னு பேர் வச்சிருக்கீங்க."

"ஆமா. இல்ல, அப்படி இல்ல அங்கிள்."

"மிஸ்ஸி, நரகத்து ராஜா சுவத்துல எழுதினதைப் படிச்சிட்டா வருவான்? கதவுலேர்ந்து கட்டிலை எண்ணிக்கிட்டு வருவான்."

"பலகையை எடுத்துடட்டா?"

"எடு."

கத்திரிக்கோலின் முனையால் நெம்பி எடுத்தாள். டப்பென்று குப்பைத் தொட்டியில் விழும் சத்தம் கேட்டது.

"இப்ப சரியா?"

"முடிச்சு?"

அவர் தனியாகக் கழிப்பறைக்குப் போய்வர, அன்று காலையில்தான் வார்டின் நீளத்துக்கும் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கட்டிலுக்கு ஒரு முடிச்சு. கதவிலிருந்து நாலாவது முடிச்சில் கையை வைத்தால் அவருடைய கட்டில்.

நொரைனி பெருமூச்சு விட்டாள். அந்த முடிச்சையும் அவிழ்த்தாள்.

"வேற கட்டிலுக்கு மாத்திடேன். கும்பிட்டுக் கேக்கிறேன்."

"முடியாது அங்கிள். சாப்பாடு, மருந்து, ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட் எல்லாமே கட்டில் நம்பர்படி போகுது. ஒண்ணை மாத்தினா எல்லாம் குழம்பிடும். ஒண்ணும் ஆகாது, படுங்க. வாயில எதையும் போட்டுடாதீங்க. சொட்டுத் தண்ணிகூட."

அரை மணி நேரம் படுத்திருந்தார். விசிறி சுற்றும் சத்தத்தை எண்ணினார். நாலுக்கு வரும்போதெல்லாம் நிறுத்திவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். பயத்தில் அடிவயிறு முட்டியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். திரும்பி வரும்போது ஒன்று, இரண்டு, மூன்று முடிச்சு. அடுத்த முடிச்சு வந்ததும் நின்று, பின்பக்கமாக உட்கார்ந்தார்.

கீழே ஏதோ மெத்தென்று அசைந்தது. அலறியது.

அவர் உட்கார்ந்தது பக்கத்துக் கட்டில்காரரின் கட்டுப்போட்ட காலின் மேல்.

"டாக்டர் அடுத்த வாரம்தான் கட்டைவிரலை எடுக்கிறாரு," என்றார், எல்லோரும் மலாயில் 'பாக்சிக்', அதாவது மாமா, என்று கூப்பிடும் தாஜுதீன், பல்லைக் கடித்துக்கொண்டு. "நீங்க இன்னிக்கே காலையே எடுத்துடுவீங்க போலிருக்கே."

தேக் சூன் மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போதே அழுதுவிட்டார். முடிச்சு, பலகை, நரகத்து ராஜா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். தாஜுதீன் சர்க்கரை வியாதிக்காரர், பொழுதுபோகாமல் கிடந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு யோசித்தார்.

"எனக்கு நாலும் ஒண்ணுதான், நாப்பதும் ஒண்ணுதான். என் கட்டில்ல படுங்க. ரெண்டு மணிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போக வரும்போது திரும்ப மாறிக்கலாம். அந்த மிஸ்ஸிகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க."

"நீங்க தெய்வம்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க. பாவம் எனக்கு வந்து சேரும்."

திரைகளை இழுத்துவிட்டுக்கொண்டு இருவரும் மாறிப் படுத்தார்கள். சுவரில் ஆறு என்று எழுதியிருந்த அந்தக் கட்டிலின் பிரெய்ல் பலகையைத் தேக் சூன் தடவினார். ஐந்து. அன்று காலையில் முதல்தடவையாக முழு மூச்சு விட்டார்.

இரண்டாவது முழு மூச்சு விடுவதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது. திரை விலகியது.

"ஆறாம் நம்பர், தாஜுதீன்?" ஒரு பெண் குரல். சமையல்கட்டில் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த தனபாக்கியம்.

தேக் சூன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். "ம்."

"எழுந்திரிங்க பாக்சிக். கஞ்சி."

"பசிக்கல."

"பசியைப் பத்தி யாரு கேட்டா? முழுக் கிண்ணமும் உள்ள போனாத்தான் இன்சுலின் ஊசி. கூட நின்னு பார்க்கணும்னு சீட்டுல எழுதியிருக்கு. முகத்தை எதுக்கு மூடியிருக்கீங்க?"

"வெளிச்சம் கண்ணைக் கூசுது," என்றார் பிறவியிலேயே பார்வை இல்லாத தேக் சூன்.

"சாப்பிட மாட்டேங்கிறாருன்னு மிஸ்ஸியைக் கூப்பிடட்டா?"

மிஸ்ஸி வந்தால் மறுபடி நாலாவது கட்டில். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. ஒரு கரண்டி சாப்பிட்டால் போய்விடுவாள் என்று நினைத்தார். போகவில்லை. இரண்டாவது கரண்டிக்கு, "ம், அப்புறம்?" என்றாள். கிண்ணம் காலியாகும்வரை நின்றாள். ஒவ்வொரு வாயும் தொண்டையில் கல்லாக இறங்கியது. ஆனாலும் அது நல்ல மீன் கஞ்சி.

பக்கத்துத் திரைக்குள் அதே நேரத்தில் ஓர் ஆண் ஊழியர் சோப்பும் சவரக்கத்தியுமாக நுழைந்திருந்தார்.

"அஞ்சாம் நம்பர்தானே? பைஜாமாவை இறக்குங்க."

"எதுக்கு?" என்றார் தாஜுதீன்.

"சவரம் பண்ணணும்."

"தாடியைத்தானே?"

"தாடிக்கு எதுக்குப் பைஜாமாவை இறக்கச் சொல்றாங்க? ஆபரேஷனுக்கு அடிவயித்தைச் சுத்தம் பண்ணணும்."

"எனக்குக் கால் கட்டைவிரல்லதான் ஆபரேஷன்."

"எல்லாரும் கடைசி நேரத்துல இப்படித்தான் எதையாவது சொல்வாங்க. இறக்குங்க."

அடுத்து எழுந்த கூச்சல் மாடிப்படிவரை கேட்டது. நொரைனி இன்சுலின் தட்டோடு ஓடிவந்து ஒரு திரையை விலக்கினாள். உள்ளே தாஜுதீன் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு பைஜாமாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அடுத்த திரையை விலக்கினாள். உள்ளே போர்வை நடுங்கிக்கொண்டிருந்தது. போர்வைக்குப் பக்கத்தில் காலிக் கிண்ணம்.

விதியை மறந்து, எதையும் சொல்லாமலே போர்வையை உருவினாள்.

"அங்கிள். என்ன சாப்பிட்டீங்க?"

"கொஞ்சம் கஞ்சி."

"எவ்வளவு?"

"கிண்ணத்துல இருந்த அளவு."

கால்மணி நேரத்தில் டாக்டர் ஊய் வந்தார். அவர் செருப்பின் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"வயித்துல கஞ்சியை வச்சுக்கிட்டு மயக்க மருந்து குடுத்தா, அது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போகும். கட்டில் நம்பர் சாகடிக்காது மிஸ்டர் கூ. கஞ்சி சாகடிக்கும். இன்னிக்கு ஆபரேஷன் கிடையாது."

"அடுத்து எப்போ டாக்டர்?"

காகிதங்கள் புரண்டன. "ஆகஸ்ட்."

தேக் சூனின் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. அங்கே புடைத்திருந்தது நேற்றைவிடக் கொஞ்சம் கெட்டியாகத் தெரிந்தது. ஆகஸ்ட் வரை இது காத்திருக்காது. நரகத்து ராஜா கட்டிலை எண்ணவே வேண்டியதில்லை. ஒரு கிண்ணம் மீன் கஞ்சிக்கு நாமே அவனைக் கூப்பிட்டுவிட்டோம் என்று தோன்றியது.

"டாக்டர், எந்தக் கட்டில்ல வேணும்னாலும் படுக்கிறேன். கழிப்பறையில படுக்கச் சொன்னாலும் படுக்கிறேன். என்னைக் காப்பாத்துங்க."

மறுபடி காகிதங்கள் புரண்டன. ஒரு தாளில் நின்றன.

"ஆச்சரியமா இருக்கே," என்றார் டாக்டர் ஊய். "நாளைக்குக் காலையில தியேட்டர் பூரா காலியா இருக்கு. முதல் ஆளா வச்சுக்கலாம். ஆனா இதையும் விட்டீங்கன்னா ஆகஸ்ட்தான். என்ன சொல்றீங்க?"

"வர்றேன். இப்பவே எழுதி வாங்கிக்குங்க."

டாக்டர் சம்மதத் தாளை வரி வரியாகப் படித்துக் காட்டினார். தேக் சூன் அவசர அவசரமாகப் பெருவிரலை உருட்டினார். யாரும் மனம் மாறிவிடக் கூடாதே என்று இரண்டு இடத்தில் உருட்டினார். டாக்டரும் நொரைனியும் போன பிறகும் அவர் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

காலிக் கிண்ணத்தை எடுக்க வந்த தனபாக்கியம், சீன முதலாளிகளைக் கூப்பிடுகிற மாதிரி, "என்ன தவுக்கே, கஞ்சி குடிச்சு மாட்டிக்கிட்டு இப்படிச் சிரிக்கிறீங்க?" என்றாள்.

"சிரிக்காம? ஊர்ல இருக்கிறவன் எல்லாம் மாசக்கணக்கா வரிசையில நிக்கிறான். எனக்குன்னு பார்த்து நாளைக்கு முழு தியேட்டரும் காலி. எப்படிம்மா?"

தனபாக்கியம் கிண்ணத்தை வண்டியில் வைத்தாள்.

"நாளைக்கு நாலாம் மாசம் நாலாம் தேதியாம் தவுக்கே. ஒருத்தர்கூட வரமாட்டேன்னுட்டாங்க."